சனிக்கிழமை ஃபிளாட் ரேஸ்ல வேல்யூ பெட்னா என்ன? புதுசா வர்றவங்களுக்கு

1996 செப்டம்பர் 28, சனிக்கிழமை. இங்கிலாந்துல ஆஸ்கட் ரேஸ் கோர்ஸ். அன்னிக்கு மொத்தம் 7 ரேஸ், ஃபிராங்கி டெட்டோரிங்கிற ஜாக்கி முதல் ஆறையும் ஜெயிச்சு முடிச்சிட்டார், கடைசி ரேஸ் 2 மைல் ஹேண்டிகேப் (நல்ல குதிரைக்கு அதிக எடை ஏத்தி சமன் பண்ற ரேஸ்), அதுல அவர் ஏறப்போற குதிரை பேர் ஃபுஜியாமா கிரெஸ்ட், ஓடறதுலயே அதிக எடை அதுக்குத்தான். காலையில இந்தக் குதிரைக்கு 12/1, அதாவது 1 பவுண்ட் வெச்சா 12 பவுண்ட் லாபம்ங்கற விலை, கிடைச்சுது. சாயங்காலம் கேட் திறக்கறப்போ வெறும் 2/1.

குதிரை அதேதான், எடை அதேதான், ஜாக்கியும் காலையிலேயே டெட்டோரின்னு எல்லாருக்கும் தெரியும். நடுவுல மாறினது என்னன்னா, ஊர் பூரா டெட்டோரி ஏறற குதிரைகளை வரிசையா சேர்த்து, ஒண்ணுல ஜெயிச்ச பணம் அப்படியே அடுத்ததுல ஏறற மாதிரி பெட் போட்டிருந்தாங்க, ஏழாவதும் வந்துட்டா தலையில துண்டுதான்னு பெட் வாங்கற புக்கி கம்பெனிகள் பயந்து கோர்ஸ்ல பணத்தைக் கொட்டி விலையை இறக்கினாங்க, கோர்ஸ்ல இருந்த ஜனமும் இன்னிக்கு இவர் கை வெச்சா தங்கம்னு ஓடிப்போய் அதே குதிரையில போட்டாங்க. குதிரையோட கால்ல ஒரு மாற்றமும் இல்ல.

ஃபுஜியாமா கிரெஸ்ட் ஒரு கழுத்து வித்தியாசத்துல ஜெயிச்சுது. ஏழுக்கு ஏழு. அன்னைய விலையை எல்லாம் பெருக்கினா 25,095/1 வரும். 12/1ல போட்டவருக்கும் காசு வந்துச்சு, 2/1ல போட்டவருக்கும் வந்துச்சு. அப்போ ரெண்டு பேருமே நல்ல பெட்தான் போட்டாங்களா? இந்தக் கேள்விக்கு பதில் சொல்லத் தெரிஞ்சா வேல்யூ புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

விலையை சதவீதமா மாத்திப் பாக்கறதுதான் முதல் படி, இது ரொம்ப சுலபம். 12/1னா 1 பவுண்ட் வெச்சா 12 லாபம், அதாவது 13 தடவை ஓடினா 1 தடவை ஜெயிச்சாலே உங்களுக்கு நஷ்டம் இல்ல, 1ஐ 13ஆல வகுத்தா 7.7%. 2/1னா 3ல 1, அதாவது 33.3%. 4/1 = 20%, 5/1 = 16.7%, 10/1 = 9.1%. இந்த சதவீதம்தான் நீங்க கொடுக்கற விலை. அந்தக் குதிரை ஜெயிக்க உண்மையிலேயே இருக்கற வாய்ப்பு இதைவிட ஜாஸ்தின்னா அது வேல்யூ, கம்மின்னா வேல்யூ இல்ல. அவ்ளோதாங்க மொத்த கான்செப்டும். கடையில தக்காளி நல்லா இருக்கான்னு பாக்கறது ஒண்ணு, கிலோ 120 ரூபா குடுத்து வாங்கலாமான்னு யோசிக்கிறது இன்னொண்ணு, ரேஸ்ல முக்காவாசி பேர் முதல் கேள்வியோட நின்னுடறாங்க.

ஃபுஜியாமா கிரெஸ்ட் முந்தின வருஷம் அதே ரேஸை ஜெயிச்ச குதிரைதான், சும்மா வந்த குதிரை இல்ல. ஆனா காலையில 13ல ஒரு தடவைன்னு விலை போட்ட குதிரை, ஜாக்கி வேற ஆறு குதிரையில ஜெயிச்சாருங்கறதுக்காக சாயங்காலம் 3ல ஒரு தடவை ஜெயிக்கற குதிரையா மாறிடாது. கேரி வில்ட்ஷயர்னு ஒரு புக்கி அன்னிக்கு சரியா இப்படித்தான் யோசிச்சார், 2/1ங்கறது இந்தக் குதிரைக்கு அநியாய விலை, கேக்கறவங்களுக்கெல்லாம் குடுப்போம்னு நின்னு பெட் வாங்கிக்கிட்டே இருந்தார், கடைசியில லட்சக்கணக்கான பவுண்ட் கடனாளி ஆயிட்டார். அவர் போட்ட கணக்கு சரி. அவ்ளோ பெரிய தொகையை ஒரே ரேஸ்ல தலைமேல ஏத்திக்கிட்டதுதான் தப்பு, அந்தப் பாடத்துக்கு பின்னாடி வரேன்.

எதிர்பக்கமும் பாத்துடலாம். ஃபிராங்கெல்னு ஒரு குதிரை, 2010லேர்ந்து 2012 வரைக்கும் 14 ரேஸ் ஓடி 14லயும் ஜெயிச்சுது. 2012 சசெக்ஸ் ஸ்டேக்ஸ்ல அதோட விலை 1/20, அதாவது 20 பவுண்ட் வெச்சா 1 பவுண்ட் லாபம். ஜெயிக்கும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஜெயிச்சுது. ஆனா அந்த விலையில நஷ்டம் இல்லாம இருக்கணும்னா 21 தடவைல 20 தடவை ஜெயிச்சாகணும், குதிரைக்கு வயித்துவலி வந்தாலோ கேட்ல கால் இடறினாலோ போச்சு. உலகத்துலயே சிறந்த குதிரை, ஆனா பெட்டா பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல.

சரி, புக்கி எப்படி சம்பாதிக்கறார்னு தெரியாம இதுல இறங்கக் கூடாது. 8 குதிரை ஓடற ஒரு ரேஸ்னு வெச்சுக்கோங்க, விலை இப்படி இருக்கு: 2/1, 3/1, 5/1, 7/1, 10/1, 12/1, 16/1, 25/1. எல்லாத்தையும் சதவீதமா மாத்திக் கூட்டிப் பாருங்க, 33.3, 25, 16.7, 12.5, 9.1, 7.7, 5.9, 3.8, மொத்தம் 114 வரும். ஒரு ரேஸ்ல ஒரு குதிரைதான் ஜெயிக்கும், அதனால நியாயமா 100தான் வரணும், மீதி 14 புக்கியோட மார்ஜின். அந்த 5/1 குதிரைக்கு 16.7% வாய்ப்புன்னு விலை சொல்லுது, ஆனா மார்ஜினை கழிச்சா மார்க்கெட் உண்மையில நினைக்கறது 14.6%தான். 10 பவுண்ட் வீதம் 100 தடவை இந்த மாதிரி குதிரையில யோசிக்காம போட்டா சராசரியா 120 பவுண்டுக்கு மேல போயிடும்.

அதே குதிரைக்கு உண்மையில 20% வாய்ப்பு இருக்குன்னு உங்களுக்கு ஒரு காரணம் தெரியுது, காரணமும் சரின்னு வெச்சுக்குவோம். 100 தடவைல 20 தடவை ஜெயிக்கும், ஒவ்வொண்ணுக்கும் 50 லாபம், 1000 பவுண்ட், 80 தடவை தோத்து 800 போகும், கையில 200 மிச்சம். பாருங்க, 80 தடவை தோத்தும் லாபம்.

ஆனா அந்த 20% எங்கேர்ந்து வந்துச்சுங்கறதுதான் உண்மையான வேலை. ஆசையில வந்துச்சுன்னா பிரயோஜனம் இல்ல. ஹாங்காங்ல பில் பென்டர்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் வெச்சு குதிரை ரேஸ்ல பெரிய பணம் பண்ணவர், 1994ல தன்னோட முறையை ஒரு கட்டுரையாவே எழுதினார், அதுல முக்கியமான விஷயம் என்னன்னா அவரே தன்னோட கணக்கை மட்டும் நம்பல, மார்க்கெட் விலையையும் சேர்த்து ரெண்டையும் கலந்துதான் முடிவெடுத்தார். அவருக்கே அப்படின்னா நமக்கு? நீங்க 20ங்கறீங்க, மார்க்கெட் 14.6ங்குது, நிஜம் பெரும்பாலும் நடுவுல எங்கயோ 17 பக்கம் இருக்கும், 17%ல 5/1 விலைக்கு லாபம் 100க்கு வெறும் 2. அதனால லேசா விலை நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சா விட்டுடுங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியறப்போ மட்டும் போடுங்க. சனிக்கிழமை டிவியில 7 ரேஸ் காட்டறாங்கன்னு ஏழுலயும் போடணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல.

இனி ஃபிளாட் ரேஸ் பத்தி. தடை தாண்டாம சமதரையில ஓடறது ஃபிளாட், 5 ஃபர்லாங்லேர்ந்து, அதாவது சுமார் 1 கிலோமீட்டர்லேர்ந்து, 2 மைலுக்கு மேல வரைக்கும் இருக்கும். பிரிட்டன்ல புல்தரை சீசன் வசந்த காலத்துல டான்காஸ்டர்ல லிங்கன் ஹேண்டிகேப்போட ஆரம்பிக்கும், நவம்பர் வரைக்கும் போகும். பெரிய ஹேண்டிகேப் எல்லாம் சனிக்கிழமைலதான் வரும், ஜூன்ல ராயல் ஆஸ்கட் கடைசி நாள்ல வோக்கிங்ஹாம், குட்வுட்ல ஸ்டூவர்ட்ஸ் கப், ஆகஸ்ட்ல யார்க்ல ஈபோர், செப்டம்பர்ல ஏர் கோல்ட் கப், நியூமார்க்கெட்ல கேம்பிரிட்ஜ்ஷயர். 20, 25 குதிரைன்னு கூட்டமா ஓடும். வாரம் பூரா ரேஸ் பக்கமே வராத ஜனம் அன்னிக்கு டிவி பாத்துட்டு, பேர் நல்லா இருக்கு, ஜாக்கி தெரிஞ்சவர்னு பணம் போடும், அதனால பிரபலமான ஜாக்கி, பிரபலமான ட்ரெயினர் குதிரைக்கெல்லாம் விலை தேவையில்லாம இறங்கும், அந்தப் பக்கம் இறங்கினா வேற எங்கயோ ஏறித்தான் ஆகணும். வேல்யூ தேடறவன் பாக்க வேண்டியது அந்த ஏறின பக்கம்.

ஹேண்டிகேப்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, இது புரியாம சனிக்கிழமை ரேஸ் புரியாது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் உண்டு, அது பவுண்ட் எடைக் கணக்கு. 90 ரேட்டிங் குதிரை 80 ரேட்டிங் குதிரையை விட 10 பவுண்ட், சுமார் நாலரை கிலோ, ஜாஸ்தி தூக்கி ஓடணும். எல்லாரும் ஒரே நேரத்துல கோட்டைத் தாண்டணும்ங்கறதுதான் ஹேண்டிகேப் போடறவரோட கனவு. ஜெயிச்சா ரேட்டிங் ஏறும், தோத்துக்கிட்டே இருந்தா இறங்கும். இங்க ஒரு விஷயம் எல்லாரும் புடிச்சுக்குவாங்க: குதிரை போன வாரம் நல்லா ஜெயிச்சிருக்கும், புது ரேட்டிங் 8 பவுண்ட் ஏறிடுச்சு, ஆனா இந்த சனிக்கிழமை ரேஸுக்கு எடை முன்னாடியே போட்டாச்சு, அதனால ஜெயிச்சதுக்கு 5 பவுண்ட் கூடுதல் எடை (பெனால்டி) மட்டும் ஏத்தி, தூக்க வேண்டியதை விட 3 பவுண்ட் எடை கம்மியா ஓடும். நல்ல விஷயம்தான், ஆனா எல்லா பேப்பர்லயும் கொட்டை எழுத்துல வந்துடும், விலை அதுக்கு மேலயே இறங்கியிருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச நல்ல செய்தியில வேல்யூ இருக்கறது அபூர்வம்.

செஸ்டர் கோர்ஸ் இதுக்கு நல்ல உதாரணம். ஒரு சுத்து சுமார் 1 மைல்தான், இடது பக்கமா வளைஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால சின்ன தூர ரேஸ்ல உள்பக்கம் இருக்கற 1, 2, 3 ஸ்டால்ல (குதிரை நின்னு கிளம்பற கூண்டு) கிளம்பற குதிரைக்கு பெரிய சாதகம். புதுசா இதைக் கண்டுபிடிச்சவங்க புதையல் பெட்டியைத் திறந்த மாதிரி சந்தோஷப்படுவாங்க, நானும் பட்டேன், மூணு மாசம் செஸ்டர்ல 1ஆம் நம்பர் ஸ்டாலா பாத்துப் போட்டேன், கொஞ்சம் ஜெயிச்சேன், மொத்தத்துல நஷ்டம். ஏன்னா ஊருக்கே தெரியும், புக்கிக்கும் தெரியும். ஆனா அதே செஸ்டர்ல வெளிப்பக்க ஸ்டால் கிடைச்சு சுத்தி சுத்தி ஓடி 7வதா வந்த குதிரை அடுத்த சனிக்கிழமை வேற கோர்ஸ்ல நேர்பாதையில ஓடும், பேப்பர்ல அதோட பேர் பக்கத்துல 7னு மட்டும்தான் இருக்கும். அங்கதான் பாக்கணும்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்சு ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு காசு இல்லாம கிடைக்கற ஒரே சாதகம் இதுதான். ஆஸ்கட் நேர்பாதை, ஏர், நியூமார்க்கெட் மாதிரி இடங்கள்ல 25 குதிரை ஓடறப்போ கூட்டம் ரெண்டா பிரியும், ஒரு குரூப் இந்த வேலி ஓரம், இன்னொரு குரூப் அந்த வேலி ஓரம். ஒரு பக்கம் தரை வேகமா இருக்கும், இல்லேன்னா அந்தப் பக்கம் வேகமா இழுத்துட்டுப் போற குதிரைகள் நிறைய இருக்கும், முதல் 5 இடமும் அந்தப் பக்கத்துக்கே போயிடும். தப்பான பக்கம் மாட்டிக்கிட்டு தன்னோட குரூப்ல முதலா வந்த குதிரை மொத்தத்துல 8வதா பதிவாகும். 9வதுக்குக் கீழ போனா ஃபார்ம்ல, அதாவது குதிரையோட பழைய ரிசல்ட் வரிசையில, 0னே போட்டுடுவாங்க. ரிசல்ட் மட்டும் படிக்கறவருக்கு அது தோத்த குதிரை, ரேஸை முழுசா பாத்தவருக்கு அன்னிக்கு ஓடினதுலயே ரெண்டாவது சிறந்த குதிரை. அதனால ஒவ்வொரு பெரிய ஹேண்டிகேப்பையும் ரெண்டு தடவை பாருங்க, ரெண்டாவது தடவை ஜெயிச்ச குதிரையைப் பாக்காதீங்க, வழி கிடைக்காம முட்டிக்கிட்டு நின்னது எது, தப்பான பக்கம் ஓடினது எது, பாதி வழியில ஜாக்கி லகானை இழுத்துப் பிடிக்க வேண்டி வந்தது எதுன்னு பாத்து எழுதி வெச்சுக்கோங்க.

தரையும் அதே மாதிரிதான். நம்ம ஊர் ரேஸ்ல பெனட்ரோமீட்டர் ரீடிங் சொல்வாங்க இல்லையா, அங்க அதை கோயிங்னு சொல்லி ஃபர்ம், குட், சாஃப்ட், ஹெவின்னு பிரிப்பாங்க. நீளக் கால் போட்டு மிதந்து ஓடற குதிரை சேத்துல திணறும், முழங்காலை உயரத் தூக்கி ஓடறது சேத்துல சுகமா போகும். கடைசி மூணு ரேஸும் காய்ஞ்ச தரையில தோத்து ரேட்டிங் இறங்கின ஒரு சேத்துக் குதிரை, வெள்ளிக்கிழமை ராத்திரி மழை கொட்டினா வேற குதிரை. ஃபிளாட் ரேஸுக்கு 48 மணி நேரம் முன்னாடியே பேர் குடுத்தாகணும், அதனால சனிக்கிழமை ரேஸுக்கு வியாழக்கிழமையே குதிரை, எடை, ஸ்டால் நம்பர் எல்லாம் வெளிய வந்துடும். வியாழன் சாயங்காலம் புக்கி விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க சதவீதத்தை ஒரு பேப்பர்ல எழுதிடுங்க, எல்லா குதிரைக்கும், கூட்டினா 100 வரணும். முதல்ல விலையைப் பாத்துட்டீங்கன்னா மனசு அதையே சுத்தி வரும். முதல் தடவை கூட்டிப் பாத்தா 140 வரும், எல்லாருக்கும் வரும், நமக்குப் புடிச்ச குதிரைக்கெல்லாம் அள்ளிக் குடுத்திருப்போம்.

எப்போ பெட் போடறதுங்கறது சுருக்கமா. காலையில சீக்கிரம் போட்டா விலை தப்பா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா அடுத்து மழை வந்தாலோ குதிரைகள் விலகினாலோ சமாளிக்கணும், யாராவது விலகினா உங்க லாபத்துல ஒரு பங்கு கழிப்பாங்க. ரேஸ் ஆரம்பிக்கற நேரத்து விலைக்கு எஸ்பின்னு பேர், எல்லாரோட பணமும் உள்ள வந்த பிறகு வர்ற விலை, அதனால ஃபுஜியாமா கிரெஸ்ட் மாதிரி அபூர்வமான நாளைத் தவிர பொதுவா அதுதான் இருக்கறதுலயே உண்மைக்குக் கிட்ட வர்ற விலை.

ஈச் வே பெட்ல சனிக்கிழமை உண்மையிலேயே கொஞ்சம் வேல்யூ கிடைக்கும். பாதிப் பணம் ஜெயிக்கறதுக்கு, பாதி இடம் புடிக்கறதுக்கு, 5 பவுண்ட் ஈச் வேன்னா கையிலேர்ந்து 10 போகும். 16 இல்ல அதுக்கு மேல குதிரை ஓடற ஹேண்டிகேப்ல வழக்கமா முதல் 4 இடத்துக்கு கால்வாசி விலை குடுப்பாங்க, சனிக்கிழமை போட்டியில 5, 6 இடம்னு கூட்டிக் குடுக்கற கம்பெனிகள் உண்டு. கால்வாசியை அஞ்சுல ஒண்ணா குறைச்சிருக்காங்களான்னு பாத்துக்கோங்க, 20/1 குதிரைக்கு கால்வாசின்னா இடத்துக்கு 5/1, அஞ்சுல ஒண்ணுன்னா 4/1, அந்த வித்தியாசத்துல அவங்க குடுத்த கூடுதல் இடம் கரைஞ்சு போகலாம். 100/1, 66/1 குதிரையைப் பாத்து மயங்காதீங்க. பெரிய விலைக் குதிரைகள் தங்களோட விலைக்கும் கம்மியாத்தான் ஜெயிக்கும்ங்கறது 1949ல கிரிஃபித்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் எழுதினதுலேர்ந்தே பல நாட்டுல திரும்பத் திரும்பப் பாத்த விஷயம். சின்னக் காசுல பெரிய கனவு வாங்க எல்லாருக்கும் ஆசை, அந்த ஆசைக்குத்தான் விலை.

இந்தியாவுல இருந்துக்கிட்டு இதே கணக்கைப் போடறவங்க ஒண்ணு கவனிங்க. கிண்டி ரேஸ் வழக்குல 1996 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் குதிரை ரேஸ் திறமை சார்ந்த விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, சந்தோஷம், ஆனா பெட் வைக்கற முழுத் தொகைக்கும் 28% ஜிஎஸ்டி இருந்துச்சு, 2025 செப்டம்பர்ல அது 40% ஆயிடுச்சு. நான் மேல காட்டின 20% லாபமெல்லாம் கனவுல கூட கிடைக்காத பெரிய சாதகம், அதையும் வரியே முழுங்கிடும். பிரிட்டன்ல பெட் போடறவங்க குடுத்துக்கிட்டிருந்த 9% பிடித்தத்தை 2001 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, அதனாலதான் அங்க இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இருக்கு.

எவ்ளோ போடறது? வில்ட்ஷயர் கதையை இங்க நினைச்சுக்கோங்க. அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்த ஜான் கெல்லி 1956ல ஒரு சூத்திரம் குடுத்தார். நம்ம 5/1, 20% உதாரணத்துக்கு அது சொல்றது கையில இருக்கற ரேஸ் பணத்துல 4%. 500 பவுண்ட் இருந்தா 20 பவுண்ட். ஆனா உங்க 20% தப்பா இருக்கலாம்னு ஏற்கனவே பாத்தோம், அதனால அதுல கால்வாசி, 5 பவுண்ட் போதும். 20% வாய்ப்புள்ள குதிரைகள்ல 300 பெட் போட்டீங்கன்னா நடுவுல எங்கயாவது தொடர்ந்து 18, 20 தோல்வி வர்றது சகஜம், கணக்கு சரியா இருந்தாலும் வரும். அந்த நேரத்துல தாங்கற அளவுக்குத்தான் பெட் இருக்கணும். வாடகைப் பணம், புள்ளைங்க ஃபீஸ், கடன் வாங்கின பணம் இது எதுவும் உள்ள வரக்கூடாது. தோத்ததைத் திரும்ப எடுக்கணும்னு அடுத்த ரேஸ்ல டபுளா போடத் தோணுச்சுன்னா அந்த நிமிஷமே மூடி வெச்சிடுங்க, முடியலன்னா பிரிட்டன்ல கேம்ஸ்டாப்னு ஒரு சேவை இருக்கு, பேர் குடுத்தா லைசென்ஸ் வாங்கின எல்லா ஆன்லைன் கம்பெனியும் உங்களை உள்ள விடாது. இதை நான் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லல, என் கூட வேலை பாத்த ஒரு அண்ணன் நல்லா கணக்குத் தெரிஞ்சவர், குதிரையைப் பத்தி என்னைவிட பத்து மடங்கு தெரிஞ்சவர், தோத்த சனிக்கிழமைகள்ல மட்டும் கையைக் கட்ட முடியாம வீட்டையே இழந்தார்.

காசே போடாம ஒரு சீசன் பழகலாம், நான் அதைத்தான் சொல்வேன். ஒரு நோட்டு எடுத்து குதிரை பேர், நீங்க எழுதின சதவீதம், நீங்க எடுத்திருக்கக்கூடிய விலை, கடைசியில வந்த எஸ்பி, இந்த நாலை எழுதுங்க. ஜெயிச்சுதா தோத்துதாங்கறதை கடைசி ஓரத்துல சின்னதா எழுதினா போதும், 50, 60 பெட்ல ஜெயிச்சது தோத்தது ஒண்ணும் சொல்லாது, அதிர்ஷ்டம் அவ்ளோ பெருசு. ஆனா நீங்க 8/1 எழுதினது 5/1ல கிளம்புது, 12/1 எழுதினது 9/1ல கிளம்புதுன்னு திரும்பத் திரும்ப நடந்தா, எல்லாரோட பணமும் உங்க பக்கமா நகருதுன்னு அர்த்தம், நோட்டுல நஷ்டமே இருந்தாலும் நீங்க பாக்கற கண்ணு சரியா இருக்கு. மாறா உங்க 8/1 எல்லாம் 12/1ல கிளம்பி, அதுல ரெண்டு மூணு ஜெயிச்சு லாபம் காட்டுதுன்னா, காசு போடறதை இன்னும் ஒரு சீசன் தள்ளி வைங்க.